சிவகாசி வானையும் அளப்போம்

1883ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் சென்னை மக்கள் சில நாள்கள் பச்சைச் சூரியனைக் கண்டனர். காலையில் எழும்போதும் மாலையில் சாயும்போதும் கதிரவன் செந்நிறம் காட்டாமல் பச்சையாகவும், சிலபொழுது நீலம் பாய்ந்ததாகவும் தோன்றியது. இலங்கையிலும் தென்னாட்டின் வேறு பல இடங்களிலும் இதே காட்சி காணப்பட்டது. அப்பொழுது சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த சார்லஸ் மிச்சி ஸ்மித் இதனைக் கண்டு வியந்ததோடு நின்றுவிடவில்லை. நிறமாலை காட்டும் கருவியைக் கொண்டு நோக்கி, கண்டவற்றைக் கட்டுரையாக எழுதி வெளியிட்டார். அவ்வாண்டு ஆகஸ்டு 26, 27 ஆகிய நாள்களில் சுந்தா நீரிணையில் இருந்த கிரக்கத்தோவா எரிமலை வெடித்துச் சிதறியிருந்தது. அதன் நுண்துகள்கள் காற்றின் மேலடுக்குகளில் கடல் கடந்து வந்து நம் வானில் பரவியிருந்தன. சூரியனில் மாற்றம் ஏதும் இல்லை. நமக்கும் அதற்கும் இடையே நின்ற பொருளே அதன் நிறத்தை மாற்றிக் காட்டியது.

இவ்வாறு காற்றில் மிதக்கும் நுண்துகள்களை அறிவியலார் ஏரோசால் என்பர். புழுதி, புகை, கரி, கடலுப்பு, கந்தக ஆவியிலிருந்து பிறக்கும் நுண்துளி ஆகிய யாவும் இதனுள் அடங்கும். தமிழில் தூசிப்படலம் என்று எழுதும் வழக்கம் உள்ளது. படலம் என்றதும் ஒன்றன்மேல் படிந்தது என்ற எண்ணமே வருகின்றது. மிதப்பது என்ற கருத்து வரவில்லை. ஆதலின் மிதவைத்துகள் எனலாம் என்பது என் எண்ணம். கலைச்சொல் வல்லார் இதனினும் நல்ல சொல் தரின் மகிழ்வோடு ஏற்பேன்.

இயற்பியல் துறையார் எழுதவேண்டியதைத் தமிழ்த்துறை மலரில் எழுதுவானேன் என்று வினவுவோர் உளர். குறிஞ்சித் திணையைப் பற்றி வகுப்பில் பேசிக்கொண்டிருந்த ஒரு நாளில், வெம்பக்கோட்டைப் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, "மழை பெஞ்சு ஓஞ்ச மறுநாள்தான் ஐயா எங்க ஊர்ல இருந்து மலை தெரியும். மத்த நாள்ல அங்க மலை இருக்குன்னே தோணாது" என்றாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாணவியின் தாய் பட்டாசு ஆலையில் திரி வைக்கும் வேலைக்குச் செல்பவர். அவள் கூறியது முழுக்க முழுக்க உண்மை. மழைத்துளி இறங்கும்போது காற்றில் மிதக்கும் துகளை அடித்துக்கொண்டு வருகின்றது, வான் கழுவப்படுகின்றது, மேற்கே மலை ஒருநாள் அருகில் வந்து நிற்கின்றது. மலை தெரிகின்றதா இல்லையா என்பதே மிதவைத்துகளுக்கு ஓர் அளவுகோல். ஆனால் அஃது எண் தராத அளவுகோல். எண் இல்லாத உண்மை இக்காலத்தில் எந்த மன்றத்திலும் ஏறுவதில்லை.

அன்று தோன்றியதே இக்கட்டுரையின் கருத்து. பட்டாசு வட்டாரத்தின் வானை அவ்வட்டாரத்திலேயே, அங்கு வாழ்வோரே, நாள்தோறும் அளந்து பதிந்துவைத்தல் வேண்டும். அதனை நம் கல்லூரி தொடங்குதல் வேண்டும்.

அளக்கும் முறை கடினமானதன்று. காற்றே இல்லாவிடின் சூரிய ஒளி எவ்வளவு வரும், காற்றும் துகளும் இருக்கையில் எவ்வளவு வருகின்றது என்ற இரண்டையும் ஒப்பிட்டால், வழியில் குறைந்தது எவ்வளவு என்பது விளங்கும். அக்குறைவில் காற்று மூலக்கூறுகளால் நேர்வது எவ்வளவு என்பது முன்னரே கணித்து அறியப்பட்டுள்ளது. அதனைக் கழித்தால் எஞ்சுவது பெரும்பாலும் துகளின் செயல். இதனை ஒளியியல் ஆழம் என்ற ஓர் எண்ணால் குறிப்பர். அவ்வெண் 0.1 எனில் வான் தெளிவானது; உச்சிச் சூரியனின் நேரொளியில் ஏறத்தாழ 90 விழுக்காடு தரையை எட்டும். 0.5 எனில் 61 விழுக்காடே எட்டும். அதே நாளில் சூரியன் அடிவானிலிருந்து 30 பாகை உயரத்தில் நிற்குமாயின், ஒளி இரு மடங்கு காற்றைக் கடந்து வரவேண்டியிருத்தலின் 37 விழுக்காடாகக் குறைந்துவிடும். எஞ்சிய ஒளியில் பெரும்பகுதி வானெங்கும் சிதறி, நீலத்தை வெளுத்துப் பால்போல் ஆக்கிவிடுகின்றது.

காற்றே இல்லாவிடின் எவ்வளவு ஒளி வரும் என்பதை விண்வெளிக்குச் செல்லாமல் எங்ஙனம் அறிவது? இதற்கு அமெரிக்க அறிஞர் லாங்லி காட்டிய வழி என்னை மிகவும் கவர்ந்தது. தெளிந்த காலை ஒன்றில், சூரியன் தாழ்ந்து நிற்கும்போது தொடங்கி அது மேலேற ஏற ஒளியை அளந்துகொண்டே வரவேண்டும். ஒளி கடந்துவரும் காற்றின் அளவு பத்து மடங்கு, ஐந்து மடங்கு, இரண்டு மடங்கு என்று குறைந்துகொண்டே வரும். ஒளியின் அளவை மடக்கைக்கு மாற்றி வரைதாளில் குறித்தால் புள்ளிகள் நேர்கோட்டில் அமையும். அக்கோட்டைக் காற்று சுழியம் என்னும் இடம்வரை நீட்டினால், எவரும் சென்று அளக்காத அவ்விடத்தின் அளவு கைக்கு வந்துவிடும். தரையில் நின்றுகொண்டே வளிமண்டலத்துக்கு அப்பால் கருவியை வைத்துப் பார்த்ததற்கு இஃது ஒப்பாகும்.

இம்மலரைப் படிப்போரில் பலர் வேறொரு வழியாலும் இதனை அறிந்திருப்பர். நோன்பின் இருபத்தொன்பதாம் நாள் மஃரிப் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் மாடியில் நின்று பிறை தேடாதவர் நம்மில் யார்? ஒருவர் தெரிகின்றது என்பார். அவர் விரல் நீட்டிய இடத்தில் மற்றவர்க்கு ஒன்றும் புலப்படாது. அடிவானிலிருந்து 5 பாகை உயரத்தில் நிற்கும் பிறையின் ஒளி, தலைக்கு நேரே வரும் ஒளியைவிடப் பத்து மடங்கு காற்றைக் கடந்து வருகின்றது. அன்றைய ஒளியியல் ஆழம் 0.3 எனில், துகள்களால் மட்டுமே அப்பிறையின் ஒளி இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பிறை இருக்கும், நாம் காணமாட்டோம். மாடியில் நிகழும் வாதத்தில் பாதிக்குக் காரணம் கண்பார்வையின் குறைபாடு அன்று, மேற்கு வானின் புழுதியே என்று நான் கருதுகின்றேன்.

அந்தி ஒளியைக் கொண்டு காற்றின் உயரத்தையே கணக்கிட்டவர் 11ஆம் நூற்றாண்டில் அந்தலூசிய நாட்டு ஜயான் நகரில் வாழ்ந்த இப்னு முஆத் என்னும் நீதிபதி. சூரியன் அடிவானுக்குக் கீழே 19 பாகை தாழும்வரை வானில் வெளிச்சம் எஞ்சுகின்றது என்று கொண்டு, ஒளியைத் தடுத்துச் சிதறவிடும் ஆவிகள் ஏறத்தாழ 52 மைல் உயரம்வரை உள்ளன என்று அவர் கணித்தார். அந்நூல் நெடுங்காலம் இப்னுல் ஹைதம் பெயரால் வழங்கிவந்தது. அது அவருடையதன்று என்பதை அறிஞர் ஸப்ரா 1967இல் நிறுவினார். விழா மேடைகளில் பழைய செய்தியையே திரும்பத் திரும்பக் கூறும் நம்மவர் இதனைக் குறித்துக்கொள்வார்களாக.

இனி நம் பகுதிக்கு வருவோம். சூரியனை அளக்கும் பணி தமிழகத்துக்குப் புதிதன்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தின் பின், மழைக்கும் சூரியனுக்கும் உள்ள தொடர்பை ஆராயும் வேட்கை அரசுக்குப் பிறந்தது. சூரிய வெப்பம் தரையில் எவ்வளவு விழுகின்றது, அது காலத்தால் எங்ஙனம் மாறுகின்றது என்பவற்றைத் திருத்தமாக அளக்கவேண்டும் என்று வானிலைத்துறைத் தலைவர் பிளான்போர்டு 1881இல் பரிந்துரைத்தார். அதன் விளைவாக எழுந்ததே கொடைக்கானல் சூரிய ஆய்வகம். பழனி மலையையும் நீலகிரியையும் ஒப்பிட்டு இடம் தேர்ந்தவரும், முதல் இயக்குநராக அமர்ந்தவரும் பச்சைச் சூரியனைப் பதிவுசெய்த அதே மிச்சி ஸ்மித்தே. 1901இல் அங்கு நோக்கீடு தொடங்கியது. பஞ்சத்தில் மாண்டவர்களை எண்ணித் தொடங்கிய பணி பின்னர்ச் சூரியனின் புள்ளிகளையும் சுடர்களையும் ஆராயும் பெரும்பணியாக வளர்ந்து உலகப்புகழ் பெற்றது. தரையில் விழும் வெயிலை அளக்கும் பணியை முனைந்து மேற்கொள்ள வேறொருவர் வரவேண்டியிருந்தது.

அவர் அன்னா மாணி. 1918இல் திருவிதாங்கூரின் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, பெங்களூரில் சர் சி.வி. இராமனிடம் வைரத்தின் ஒளிப்பண்புகளை ஆராய்ந்தவர். முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் அவருடைய ஆய்வேட்டுக்கு முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. (எம்.ஃபில். பட்டத்தோடு வகுப்பெடுக்கும் என்னைப் போன்றோர்க்கு அவர் வரலாறு ஆறுதல் தருவது.) இந்திய வானிலைத்துறையில் சேர்ந்து, அயல்நாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த கருவிகளை இந்நாட்டிலேயே செய்விக்க வழிகண்டார். 1957, 1958 பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டையொட்டிச் சூரியக்கதிர் அளக்கும் நிலையங்களை நாட்டில் அமைத்தார். சுவீடன் நாட்டு ஆங்ஸ்ட்ரம் 1929இல் வகுத்த முறைப்படி, அந்நிலையங்களின் அளவீட்டிலிருந்து இந்திய வானின் கலங்கல் எவ்வளவு என்பதைக் கணித்து, உடன்பணியாளர் இருவருடன் 1969இல் கட்டுரை வெளியிட்டார். வெயிலை அளக்க வைத்த கருவி தூசியையும் அளக்கும் என்று இந்திய வானைக் கொண்டு காட்டிய பணி அது.

அதன்பின் ஜெர்மானியர் வோல்ஸ் என்பார் 1959இல் செய்த, கையில் பிடித்து நோக்கும் சூரிய ஒளிமானியை வானிலைத்துறை பத்து இடங்களில் வைத்தது. அலகாபாத், ஜோத்பூர், கொடைக்கானல், மினிக்காய், மோகன்பாரி, நாகபுரி, போர்ட் பிளேர், புணே, சிறீநகர், விசாகப்பட்டினம் என்பன அவை. திருவனந்தபுரத்து விண்வெளி இயற்பியல் ஆய்வகம் 1980களிலிருந்து பல நிற ஒளிமானிகளை நாட்டின் பல இடங்களில் நிறுவிவந்தது. 1999இல் இந்தியப் பெருங்கடல் ஆய்வு நிகழ்ந்தபோது, தென்னாசியாவின் பழுப்பு மூட்டம் கடல்மேல் வெகுதொலைவு பரவியிருந்ததை உலகம் அறிந்தது. அவ்வாய்வை முன்னின்று நடத்தியவருள் ஒருவரான வீ. இராமநாதன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்றவர் என்பது நமக்குப் பெருமை.

வானிலைத்துறையின் பத்து இடங்களில் தமிழ்நாட்டுக்கு உரியது கொடைக்கானல் ஒன்றே. அது சிவகாசியிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். தொலைவைவிட உயரமே இங்குச் சிக்கல். ஆய்வகம் கடல்மட்டத்துக்கு மேல் 2,340 மீட்டர் உயரத்தில் உள்ளது. மிதவைத்துகளில் பெரும்பகுதி தரையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்குள் நிற்பது. எனவே கொடைக்கானல் கருவி நோக்குவது சமவெளியின் புழுதிக்கு மேலுள்ள வானை. குளத்தின் கலங்கலை அறிய வேண்டுபவன் கரைமேட்டு நீரை முகந்து பார்ப்பது போன்றது அது. சாத்தூர், வெம்பக்கோட்டை, திருத்தங்கல், சிவகாசி மக்கள் மூச்சிழுக்கும் காற்றைப் பற்றி அக்கருவி ஒன்றும் கூறாது.

இதில் என்ன இழப்பு என்பீராயின், கூறுகின்றேன். 2018 அக்டோபர் 23இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைத் தடைசெய்து, தீபாவளியன்று இரண்டு மணி நேரமே பட்டாசு வெடிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அதன்பின் பசுமைப் பட்டாசு வந்தது. பச்சை ஒளி தரும் பேரியம் போய், பசுமை என்ற பெயர் மட்டும் வந்து சேர்ந்தது ஒரு சுவையான முரண். 2025 தீபாவளிக்குத் தில்லியில் பசுமைப் பட்டாசுக்கு அதே நீதிமன்றம் வரம்புகளுடன் இசைவு தந்தது. இத்தனை ஆண்டு வழக்கிலும் பேசப்பட்ட காற்று தில்லிக் காற்று. தில்லிக்குக் கருவிகள் பல உள. கங்கைச் சமவெளியின் கான்பூரில் 2001 முதல் உலக வலையமைப்பைச் சேர்ந்த தானியங்கி ஒளிமானி சூரியனை நோக்கி நிற்கின்றது. பட்டாசைச் செய்யும் ஊரின் வான் இவ்வழக்கில் சான்றாக நின்றதில்லை. "ஆண்டில் ஒருநாள் புகையால் என்ன கேடு" என்று ஆலை உரிமையாளர் கேட்கின்றார். "நஞ்சு விற்கும் ஊர்" என்று தொலைவில் உள்ளவர் கூறுகின்றார். இருவர் கையிலும் சிவகாசியின் எண் இல்லை. வேலையிழந்து நிற்கும் தொழிலாளியோ இருவருக்கும் நடுவே நிற்கின்றார்.

என் கருத்தை நண்பர் ஒருவரிடம் கூறியபோது, "நம்ம பிழைப்புல நாமளே மண் அள்ளிப் போடணுமா?" என்றார். அவர் அச்சம் எனக்குப் புரிகின்றது. நம் மாணவர் பலரின் கல்விக் கட்டணம் பட்டாசிலிருந்து வருகின்றது. சர்க்கரை நோய் இருக்குமோ என்று அஞ்சி இரத்தப் பரிசோதனைக்குச் செல்லாதவர்களை நம் குடும்பங்களிலேயே கண்டிருக்கின்றோம். அளக்காமை நோயைத் தடுத்ததில்லை. மேலும் எண் எப்பக்கம் சாயும் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்வது ஏன்? ஆலையில் பட்டாசு செய்யப்படுகின்றது, வெடிக்கப்படுவது சிறிதே. வெடித்துப் பார்ப்பதும், கழிவு மருந்தை எரிப்பதும் புகை தருவன. செங்கற் சூளையும் சுண்ணாம்புக் காளவாயும் வண்டிகளும் புகை தருவன. ஆடிக்காற்றில் கரிசல் மண்ணே எழுந்து வானை மறைக்கின்றது. இவற்றை வேறுபடுத்தும் வழியும் இம்முறையில் உண்டு. புகையின் துகள் மிக நுண்ணியது. அது நீல ஒளியை மிகுதியாகவும் சிவப்பைக் குறைவாகவும் தடுக்கும். மண்புழுதி பெரிது, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் தடுக்கும். இரு நிறங்களில் அளந்து ஒப்பிட்டால் இன்றைய மூட்டம் பெரிதும் மண்ணா புகையா என்பது தெரிந்துவிடும். ஆங்ஸ்ட்ரம் பெயரால் வழங்கும் எண் இதனையே கூறுகின்றது.

வேறொரு மறுப்பு இதனினும் கனமானது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்ட வட்டாரம் இது. உயிர் போகும் ஊரில் தூசியை அளப்பதா? வெடிவிபத்தில் மாண்டவர்க்கு எண் உண்டு, வழக்கு உண்டு, இழப்பீடு உண்டு. போதுமான அளவில் இல்லை எனினும் உண்டு. மூச்சால் தேய்பவர்க்கு அவற்றுள் ஒன்றும் இல்லை. ஒன்றுக்காக மற்றதை நிறுத்தவேண்டியதும் இல்லை. எனினும் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். மருந்துக் கலவை அறையில் அலுமினியத் தூள் படிந்த கையோடு அமர்ந்திருப்பவர் இழுக்கும் மூச்சைச் சூரிய ஒளிமானி அறியாது. அது வானைப் பார்ப்பது; அறைக்குள் புகாது. துகள் பேரியமா கரியா என்றும் அது சொல்லாது. மேகம் மறைத்தால் வாளாவிருக்கும். தீபாவளி நம்மூரில் பெரும்பாலும் அடைமழைக் காலத்தில் வருவது, வெடிப்பதோ இருளில். மறுநாள் காலை வெயில் வந்தால் எஞ்சிய மூட்டத்தை அளக்கலாம், அவ்வளவே. இத்தகைய குறைகளை மறைத்துக் கருவியைப் புகழ்வது அறிவியலுக்கு அழகன்று.

செயற்கைக்கோள் மேலிருந்து பார்க்கையில் கீழே கருவி எதற்கு என்பார்க்கு ஃபாரஸ்ட் மிம்ஸ் என்பவரைச் சுட்டுவேன். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வாழும் அவர் கல்லூரியில் பயின்றது அரசியல். அறிவியல் பட்டம் பெற்றவர் அல்லர். 1990 பிப்ரவரி முதல் தம் வீட்டருகே வானை அளந்துவந்த அவர், தாமே செய்த கருவியின் ஓசோன் அளவும் நாசா செயற்கைக்கோளின் அளவும் வேறுபடுவதைக் கண்டார். பிழை செயற்கைக்கோளின் பக்கமே என்பது உறுதியாகி, 1993இல் நேச்சர் இதழில் அச்செய்தி வெளிவந்தது. மிதவைத்துகளை அளக்க அவர் கண்ட வழி மிக எளிது. ஒளியுமிழ் டையோடு மின்சாரம் பெற்றால் ஒளி தரும் என்பதை அறிவோம். அதன்மேல் ஏறத்தாழ அதே நிற ஒளி விழுந்தால் அது மின்சாரம் தரும். விலையுயர்ந்த வடிகண்ணாடி வேண்டியதில்லை. மின்கடையில் வாங்கும் சிறு விளக்கே நிறம் பிரித்து அளக்கும் கருவியாகிவிடுகின்றது. அம்முறையில் அமைந்த ஒளிமானியைப் பல நாட்டுப் பள்ளி மாணவர் பயன்படுத்தியுள்ளனர்.

நம் இயற்பியல் துறையில் இதனைச் செய்ய இயலாதா? ஒரு பச்சை, ஒரு சிவப்பு ஆக இரு டையோடுகள், மின்பெருக்கி ஒன்று, ஒரு குழாய், ஒரு மின்னழுத்தமானி. லாங்லி முறையால் கருவியைச் சீர்செய்யத் தெளிந்த, மாறாத வான் வேண்டும். அது சமவெளியில் அரிது. ஆகவே பனிக்காலக் காலை ஒன்றில் கருவியைக் கொடைக்கானலுக்கு எடுத்துச் செல்லவேண்டும். நம் வானைப் பற்றிக் கூற இயலாத அம்மலை, நம் கருவிக்கு அளவு கற்பிக்கும். அதன்பின் நம் வட்டார மாணவரே தம் ஊர்களில் முறைவைத்துக் காலை பத்து மணிக்கும் நண்பகலுக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் நோக்கி எழுதலாம். நண்பகல் நோக்கீட்டை லுஹருக்குச் செல்லும் வழியில் எழுதிவிட்டுப் போவதில் தடையொன்றும் இல்லை.

சிவகாசி அச்சிடும் நாட்காட்டி வீடுதோறும் தொங்குகின்றது. சூரியன் எழும் நேரத்தையும் சாயும் நேரத்தையும் ஊருக்கெல்லாம் அச்சிட்டு அனுப்பும் ஊர் அது. தன் மண்ணில் அச்சூரியன் எவ்வளவு வந்து விழுகின்றது என்பதையும் அதே தாளில் ஒரு மூலையில் அச்சிடலாமே. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா சென்று திரும்பிய ஊர், புதியதொன்றைக் கற்க அஞ்சும் ஊர் அன்று.

கருவி செய்வதும் கொடைக்கானல் பயணத்துக்கு நாள் குறிப்பதும் இயற்பியல் துறையின் பொறுப்பு. பதிவேட்டுக்குக் கோடிட்டு, நாள், மணி, மேகம், காற்றின் திசை, மலை தெரிந்ததா இல்லையா என்று தலைப்பெழுதித் தருவதைத் தமிழ்த்துறை ஏற்கும். கடைசிக் கட்டம் அந்த மாணவிக்காக.